முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள்: திருகோணமலைத் தேவாலயங்களில் இடம் தேடுகிறவர்களுக்கு

தான் ஆண்களை விரும்புகிறவன் என்று என் தம்பி என்னிடம் சொன்னது டச்சுக் குடாக் கடற்கரையில், ஒரு ஞாயிறு மாலைப் பூசைக்குப் பிறகு. கடலை வாங்கிய பேப்பர்ச் சுருள் அவன் கையில் இருந்தது, பிரிக்கவே இல்லை. கடற்கரையில் திரியும் மான்களில் ஒன்று வந்து அந்தச் சுருளை முகர்ந்துவிட்டுப் போனது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றோ, கல்யாணப் பேச்சை எப்படி நிறுத்துவது என்றோ அவன் கேட்கவில்லை. "அக்கா, நான் இனியும் பாடகர் குழுவில் நிற்கலாமா?" என்றுதான் கேட்டான்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன்பிறகு நாங்கள் இருவரும் பல கதவுகளைத் தட்டினோம். சிலவற்றைத் தட்டியிருக்கவே கூடாது. அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி யாராக இருந்தாலும், அல்லது அவர்களுடைய அக்காவாக, தாயாக, நண்பராக இருந்தாலும், விசுவாசத்தையும் விடாமல் தன்னையும் விடாமல் இந்த ஊரில் வாழ நினைக்கிறவர்களுக்கு இது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். திருச்சபையிடம் தீர்ப்புக் கேட்டுப் போகாதீர்கள். திருச்சபைக்குள் ஒரு மனிதரைத் தேடிப் போங்கள்.

சொல்வதற்கு முன்

திருகோணமலை சிறிய ஊர். உவர்மலையில் காலையில் சொன்னது மாலையில் பாலையூற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே, யாரிடமும் வாய் திறப்பதற்கு முன், விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் அன்றிரவு எங்கே படுப்பீர்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடி வையுங்கள். இரண்டு மூன்று நாட்கள் தங்கக்கூடிய ஒரு வீடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்கள், இவை உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கைப்பேசிக்குப் பூட்டுப் போடுங்கள். எங்கள் வட்டத்தில் சொல்லாமலே வெளிப்பட்டவர்களில் பாதிப்பேர் கைப்பேசியால் வெளிப்பட்டவர்கள்.

இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், சாப்பாடும் கட்டணமும் வீட்டிலிருந்துதான் வருகிறது என்றால், காத்திருங்கள். விசுவாசிகளுக்கு இந்தக் காத்திருப்பு கடினம். பூசைக்குப் போய் நின்றுகொண்டு பொய்யாய் வாழ்கிறேனே என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கும். தம்பிக்கு அப்படித்தான் இருந்தது. சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் வேறு வேறு. உங்களைப் பற்றிய உண்மை உங்களுடையது. அதை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதும் உங்களுடையது.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1883 இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், தன்பாலினப் பாலுறவைத் தண்டிக்கப் பயன்படும் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. 1995 இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்தப் பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறுவதற்குள் 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. தன்பாலீர்ப்பாளராக இருப்பதை இந்தப் பிரிவுகள் குற்றமாக்கவில்லை. செயலைத்தான் குற்றம் என்கின்றன. பயமுறுத்துகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்ல மாட்டார்கள். "பொலிசுக்குச் சொல்லுவேன்" என்று யாராவது பணமோ வேறெதுவுமோ கேட்டால், கொடுக்காமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்தை அழையுங்கள். ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலும் அலுவலகம் இருக்கிறது.

நீங்கள் எந்தச் சபையில் நிற்கிறீர்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வேதக்காரர்தான். உள்ளே இருப்பவர்களுக்கு வேறுபாடு தெரியும். யார் முடிவெடுக்கிறார், அவர் எதற்குக் கட்டுப்பட்டவர் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கிடைக்கப்போகாத ஒன்றைக் கேட்டு மனமுடையவும் மாட்டீர்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். கத்தோலிக்கத் திருச்சபை தன்பாலினச் செயல்களை ஏற்கவில்லை. தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்கிறது. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அதே திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2358 ஆம் எண், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் எந்த அடையாளத்தையும் தவிர்க்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த ஈர்ப்பு இருப்பதையே பாவம் என்று அந்த நூல் சொல்லவில்லை. இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். தம்பி அதைப் பாட்டுக் கொப்பியின் பின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்.

அதற்கு மேலும் சில விஷயங்கள் நடந்திருக்கின்றன. தன்பாலீர்ப்பாளராக இருப்பது குற்றமல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டின் இறுதியில், திருநங்கையரும் திருநம்பியரும் ஞானஸ்நானம் பெறலாம், சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராகவும் நிற்கலாம் என்று வத்திக்கான் பதில் அளித்தது. டிசம்பர் 18 இல், தன்பாலினத் துணைவர்கள் ஆசீர் கேட்டு வந்தால் குரு கொடுக்கலாம், ஆனால் அது திருமணச் சடங்குபோல் தோன்றக்கூடாது என்ற ஆவணமும் வந்தது. இவற்றை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் உரிமை கோரப் போவது நல்லதல்ல. அவர் மறுத்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். உங்களை யாராவது "திருச்சபைக்கு வெளியே" என்று சொல்லும்போது, அப்படி இல்லை என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள இவை உதவும்.

திருகோணமலை மறைமாவட்டத்தைப் பற்றி ஒன்று. 1893 இல் உருவான இந்த மறைமாவட்டத்திலிருந்து 2012 இல் மட்டக்களப்பு பிரிந்தது. அதன்பின் எஞ்சியது சிறிய பரப்பு. குருக்கள் எல்லாரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். இன்று உங்கள் பங்கில் இருப்பவர் நாளை உங்கள் பெரியம்மாவின் பங்கில் இருப்பார். ஆளைத் தெரிவுசெய்யும்போது இதை நினைவில் வையுங்கள்.

மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவர்கள், பிரித்தானிய மெதடிஸ்தர் 2021 இல் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்ததை வைத்து இங்கும் அப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம். இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964 முதல் தன்னாட்சி உடையது. அங்கே எடுத்த முடிவு இங்கே செல்லாது. அங்கிலிக்கன் சபையிலும் நிலை அதேபோல்தான். தன்பாலினத் துணைவர்களுக்காக இங்கிலாந்தில் 2023 இல் தொடங்கிய ஆசீர் செபங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஆனால் உலக அங்கிலிக்கன் ஆயர்கள் கூடிய 1998 லம்பெத் மாநாட்டின் தீர்மானம், தன்பாலினச் செயலை ஏற்க மறுத்த அதே மூச்சில், தன்பாலீர்ப்பாளரின் அனுபவத்துக்குச் செவிகொடுப்போம் என்றும் உறுதி கூறியது. "எனக்குச் செவிகொடுங்கள் ஐயா" என்று கேட்பதற்கு அது போதும்.

சுயாதீன சபைகளில் பாஸ்டர் சொல்வதே சட்டம். நல்லவர் வாய்த்தால் நல்லது. வாய்க்காவிட்டால் மேல்முறையீடு செய்ய ஆயரும் இல்லை, பேராயரும் இல்லை. அங்கே இரட்டிப்பு அவதானம் வேண்டும்.

அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது

பதவியைப் பார்க்காதீர்கள். விவாகரத்தான பெண்ணைப் பற்றி, குடிக்கிற மனிதரைப் பற்றி, பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டு வாழ்பவர்களைப் பற்றி அவர் எப்படிக் கதைக்கிறார் என்று கவனியுங்கள். ஊர் கைவிட்டவரைப் பற்றி மெல்லப் பேசுகிறவர் உங்களைப் பற்றியும் மெல்லத்தான் பேசுவார். அடுத்ததாக, ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தம்பி செய்தது இது: திருவிழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த உயர் நீதிமன்றத் தீர்மானம் பற்றிப் பத்திரிகையில் வந்ததைச் சும்மா பேச்சில் விட்டான். ஒருவர் சிரித்தார். ஒருவர் "கலி முத்திவிட்டது" என்றார். உதவிப் பங்குத்தந்தை மட்டும் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பயத்தோடு இருந்திருப்பார்கள்" என்றார். தம்பிக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அந்த ஒருவர் குருவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு சிஸ்டர், மறைக்கல்வி ரீச்சர், மெதடிஸ்தரில் வகுப்புத் தலைவர், சில வேளை கோயில் கூட்டும் அம்மா. யாராயினும், உங்கள் பெற்றோரோடு தினமும் பழகுகிறவராக இருந்தால் வேறு ஆள் தேடுங்கள்.

இதோ பலருக்குத் தெரியாத ஒன்று. கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. நேரடியாக வெளியிட்டால் அவரே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆவார். ஆனால் பங்குத்தந்தை தங்கும் அறைவீட்டு விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டு சொன்னதற்கு அந்த இரகசிய முத்திரை இல்லை. ஆகவே வெளியில் பேசும்போது முதலிலேயே, "பாதர், இது நம் இருவருக்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்கும் சொல்லக்கூடாது" என்று கேட்டு, அவர் வாயால் "சரி" என்று சொல்வித்த பிறகே தொடருங்கள். தயங்கினால், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று எழும்பி வந்துவிடுங்கள். சுயாதீன சபைகளில் இந்த முத்திரை கிடையாது. அங்கே நீங்கள் அறையில் சொன்னது அடுத்த உபவாச செபத்தில் செபக் குறிப்பாக வாசிக்கப்படலாம்.

என்ன சொல்லிச் சொல்வது? தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் பெரியவர்கள் இது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். தம்பி பாதரிடம் சொன்னது மூன்று வசனம்: "எனக்குப் பெண்கள்மேல் விருப்பம் வரவில்லை, பாதர். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எனக்குச் செபிக்கவும் பாடவும் வேண்டும், அதை விட்டுப் போக விருப்பமில்லை." பாதர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வெள்ளிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்கு வருகிறாய்தானே?" என்றார். டச்சுக் குடாவில் தம்பி கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது. திருச்சபையின் போதனை அன்று மாறவில்லை. ஆனால் அவனுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது.

வேதாகமத்தைத் திறந்தால்

திறப்பார்கள். முதற்சந்திப்பில் வாதிடாதீர்கள். ஆனால் உங்கள் மனசாட்சிக்காகவாவது அந்தப் பக்கங்களை நீங்களே வாசித்திருக்க வேண்டும். லேவியராகமம் 18:22, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9, சோதோம் நகரின் அழிவைச் சொல்லும் ஆதியாகமம் 19. இவை கடினமான பகுதிகள்தான். அறிஞர்கள் இவற்றை ஒரே விதமாக வாசிப்பதில்லை என்பதும் உண்மை.

ஓர் உதாரணம். 1 கொரிந்தியர் 6:9 இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "சுயபுணர்ச்சிக்காரர்" என்று எழுதும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது "மென்மையானவர்கள்" என்ற பொருள் தரும் சொல். அந்தச் சொல்லை மொழிக்கு மொழி, காலத்துக்குக் காலம் வெவ்வேறு விதமாக மாற்றியிருக்கிறார்கள். சோதோமைப் பற்றி யாராவது சொன்னால், எசேக்கியேல் 16:49 ஐ வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோதோமின் அக்கிரமங்களாக அங்கே முதலில் வருபவை ஆணவமும், வயிறு நிறைந்த வாழ்வும், ஏழைக்குக் கைகொடுக்காமையும்.

என்னை உலுக்கியது அப்போஸ்தலர் 8. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் போகும் கதையை ஞாயிறு பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரியும். தமிழில் நாம் "மந்திரி" என்று வாசித்துக் கடந்துபோகும் அந்த மனிதரை, மூலம் அண்ணகர், அதாவது விதை நீக்கப்பட்டவர், என்றே சொல்கிறது. உபாகமம் 23:1 சபைக்குள் வரக்கூடாது என்று தடுத்தவர்களில் ஒருவர். அவர் தண்ணீரைக் கண்டதும் கேட்கிறார்: "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" இயேசுவைப் பற்றி அவருக்குச் சொன்ன பிலிப்பு சட்டத்தை எடுத்து வாசிக்கவில்லை; அவரோடு தண்ணீருக்குள் இறங்கினார். இந்தப் பகுதியை ஒரு திருநங்கைத் தோழிக்கு நான் வாசித்துக் காட்டியபோது, அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு ஏசாயா 56 ஐயும் சேர்த்து வாசித்தோம். அண்ணகன் தன்னைப் பட்டுப்போன மரம் என்று சொல்ல வேண்டாம் என்கிறது அது.

"குணமாக்குகிறோம்" என்றால்

இதற்கு மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: போகாதீர்கள். தம்பி என்னிடம் சொல்வதற்கு முன்பே, ஒரு நண்பன் அழைத்து ஒரு சபைக்குப் போயிருந்தான். மூன்று நாள் உபவாசம். ஓடு பதித்த மண்டபம், ஓரத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், தலையில் எண்ணெய், சுற்றிலும் கைகள். ஆவியின் பெயரைச் சொல்லும்படி காதுக்குள் கத்தியிருக்கிறார்கள். மூன்றாம் இரவு, வீட்டுக்குப் போனால் போதும் என்று, "போய்விட்டது" என்று சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிறு ஒலிவாங்கியைக் கொடுத்து சாட்சி சொல்ல வைத்தார்கள். பல மாதங்கள் அவன் ஒழுங்காகத் தூங்கவில்லை. பின்னர் பாதரிடம் போய் அவன் பாவமாக அறிக்கையிட்டது அந்தச் சாட்சியைத்தான்.

தன்பாலீர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 இல் எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்தும் இல்லை, விரட்டப் பேயும் இல்லை. யாராவது வற்புறுத்தினால், "எனக்காகச் செபியுங்கள், என்மேல் செபிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியேறுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 1926 க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும்

உங்களுக்கு வரும் முதற்கேள்வி பெரும்பாலும் இறையியல் பற்றியதாக இருக்காது. எந்தப் பக்கம் உட்காருவது என்பதாகவே இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பழகிய நம் தேவாலயங்களில் இது சின்ன விஷயமல்ல. என் தோழி பல மாதங்கள் கடைசித் தூணருகே நின்றே பூசை கண்டார். ஒரு நாள் பெண்கள் பக்கத்திலிருந்த வயதான சிஸ்டர் ஒருவர் திரும்பிப் பார்த்து, தன் அருகே வாங்கில் கிடந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் தோழி போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அது அவருடைய இடம். தனியே போகாமல், நீங்கள் உட்கார விரும்பும் பக்கத்தில் ஏற்கெனவே உட்காரும் ஒருவரோடு போங்கள்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, சுகாதார அமைச்சின் 2016 சுற்றறிக்கையின்படி உளநல வைத்திய நிபுணர் ஊடாகப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் திருத்தலாம். தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு அரசாங்கப் பத்திரம் அல்ல. அங்கே திருத்தம் தானாக நடக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிக் களைத்துப் போகாமல், அரசாங்க வேலையை முதலில் முடியுங்கள். பங்கில், பதிவேட்டைக் கேட்பதற்கு முன் உங்கள் பெயரைக் கேளுங்கள். "என்னை இந்தப் பெயரால் கூப்பிடுங்கள், பாதர்" என்பதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

உடன் நிற்க விரும்புகிறவர்களுக்கு

அவர்களுக்காக நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தோடு நான் செய்த பெரிய பிழை அது. சின்னம்மாவுக்குப் பக்குவமாய்ச் சொல்லிவிடுவோம் என்று, தம்பியைக் கேட்காமல் சொன்னேன். அவர் அழுதுகொண்டே அம்மாவிடம் போனார். தம்பி என்னை மன்னித்துவிட்டான். அம்மா இன்றுவரை அந்த விஷயத்தை வாயால் சொன்னதில்லை.

உங்கள் வேலை வேறு. அயல் வீட்டுக்காரர் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் யாராவது "ஒன்பது" என்று கேலி செய்தால், எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "அதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிரசங்கத்தில் காயப்படுத்தும் வார்த்தை வந்தால், எல்லார் முன்னிலையிலும் வேண்டாம், பூசை முடிந்து தனியே போய், "பாதர், என் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அவன் இன்று எப்படி வீட்டுக்குப் போயிருப்பான்?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம். நத்தாருக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மரண வீட்டில் அவர்கள் தனியே நின்றால் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஊர் முழுவதும் கூடிப் பார்க்கும் இடம் அதுதான்.

கதவு மூடினால்

மூடவும் கூடும். பாடகர் குழுவிலிருந்து விலகச் சொல்லலாம், நற்கருணைக்கு வரவேண்டாம் எனலாம். அங்கேயே நின்று போராட உடலிலும் மனதிலும் வலு இருந்தால் போராடுங்கள். இல்லையென்றால் வேறு பங்குக்குப் போங்கள். இந்த ஊரில் ஒரு தேவாலயத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். சில மாதங்கள் எங்கும் போகாமல் வீட்டிலிருந்து செபமாலை சொன்னாலும் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற பங்கில் அதன் சான்றிதழின் பிரதியை எடுத்து வையுங்கள். பங்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போய், பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் கொடுத்தால் போதும். காரணம் கேட்டால், "என்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று" எனலாம். எந்த ஊருக்குப் போனாலும், எந்தப் பங்கில் சேர்ந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். அதோடு, கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்க எந்தக் குருவாலும் எந்த ஆயராலும் முடியாது. கத்தோலிக்கப் போதனை அது. தம்பியின் பிரதி அவனுடைய பாட்டுக் கொப்பிக்குள் இருக்கிறது, 2358 என்று எழுதிய அதே பின் அட்டையோடு. ஞானத்தாய் என்ற இடத்தில் சின்னம்மாவின் பெயர்.